ரெண்டு விரற்கடை

அந்த நகரத்தில் கடலைப் பார்த்து ஜன்னல் வைத்த வீடுகள் ஆயிரம் இருக்கும். அவற்றில் குடியிருப்பவர்களில் பாதிப் பேர் கடலை ஒரு பொருட்டாகவே மதிப்பதில்லை. குடிக்கவும் ஆகாது, பாய்ச்சவும் ஆகாது, அவ்வளவு தண்ணீர் இருந்து என்ன பிரயோசனம் என்பது அவர்கள் கட்சி. முப்பது வருஷத்துக்கு முன்னால் துறைமுகத்து மதில் வரைக்கும் கத்தரியும் வெங்காயமும் போட்டுப் பிழைத்த குடும்பங்கள் அவை. துறைமுகம் பெருத்தது, நகரம் தோட்டங்களுக்குள் காலை நீட்டிப் படுத்துக்கொண்டது. இன்றைக்கும் பஸ் நிறுத்தங்களுக்கு ‘பம்புசெட்’, ‘ரெண்டாம் மடை’ என்றுதான் பெயர். பம்புசெட் நிறுத்தத்தில் செல்போன் கடை இருக்கிறது, ரெண்டாம் மடையில் ஒரு வங்கி.

டீச்சர் குடியிருந்த அடுக்குமாடிக் கட்டடமும் ஒரு வெங்காயத் தோட்டத்தின் மேல் எழும்பியதுதான். தோட்டம் பதினாறு பங்காளிகளுக்குச் சொந்தமாக இருந்தது. கட்டடம் கட்டியவர் தோட்டத்தை வாங்கிக்கொண்டு ஆளுக்கொரு வீடும், கீழே கார் நிறுத்த ஆளுக்கொரு கட்டமும் கொடுத்தார். ஆக, அந்தக் கட்டடத்தில் யாரைக் கூப்பிட்டாலும் மாமன், மச்சான், சித்தப்பா, பெரியப்பா என்று ஏதாவது ஒரு முறை வரும். பதினேழாவது வீட்டை வாங்கிய டீச்சரும் அவர் கணவரும் மட்டும்தான் வெளியாட்கள். அவர்களுக்குக் காரும் கிடையாது, கட்டமும் கிடையாது.

டீச்சர் முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்தவர். ஓய்வு பெற்றதும் சும்மா இருக்க முடியாமல் குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளர் ஆனார். அவர் கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். தரையிலிருந்து நூறடி உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, லாரியையே பொம்மை மாதிரி தூக்கி வைத்த மனுஷர். கட்டடத்தில் எல்லாருக்கும் அவர் கிரேன்காரர்தான்.

அந்தக் கிரேன்காரருக்கு ஒரு நாள் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. உயிர் தப்பியதே பெரிது என்றார்கள். பேச்சு திரும்பி வந்தது, ஆனால் ஒவ்வொரு சொல்லாக இறக்கி வைக்க வேண்டியிருந்தது. ஆறு மாதத்துக்குள் எவ்வளவு பயிற்சி கொடுக்கிறோமோ அவ்வளவுதான் கையும் காலும் திரும்பக் கிடைக்கும், அதற்கப்புறம் இருக்கிறபடியே இறுகிப்போகும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அதில் இரண்டு மாதம் படுக்கையிலேயே போய்விட்டது. பயிற்சி நிலையத்தில் வாரத்துக்கு மூன்று நாள், காலை ஏழு மணிக்கு இடம் கிடைத்தது. டீச்சர் சக்கர நாற்காலி வாங்கினார், ஆட்டோவுக்குச் சொல்லி வைத்தார், கணவருக்குச் சலவைச் சட்டை போட்டுவிட்டார். ஆறரைக்கு இருவரும் லிஃப்டில் இறங்கினார்கள். அங்கேதான் சனியன் காத்துக்கொண்டிருந்தது.

லிஃப்டுக்கும் வாசல் கேட்டுக்கும் நடுவில் பதினாறு கார்களும் வரிசையாக நிற்கும். பதினாறாவது கட்டத்துக்கும் பக்கத்து மதிலுக்கும் இடையில் ஒரு நடை உண்டு. ஆள் யாரும் அதைத் தேடிப் போவதில்லை, கார்களுக்கு நடுவே புகுந்து, கட்டங்களைப் பிரிக்கிற செங்கல் வரிசையைத் தாண்டிப் போய்விடுவார்கள். ஆனால் சக்கர நாற்காலி தாண்டாதே. கட்டங்களின் தலைமாட்டில் நீளத்துக்கும் சிமெண்டுத் திண்டு. நடை ஒன்றுதான் வாசல். டீச்சர் நாற்காலியை நடைக்குள் தள்ளினார். ஒரு பக்கம் மதிலில் உரசியது, மறுபக்கம் செங்கல் வரிசையில் இடித்தது, அசையவில்லை. நாற்காலியின் அகலம் இருபத்தாறு அங்குலம். நடையின் அகலம் இருபத்துநாலு.

“சரி, மேல போலாம்,” என்றார் கிரேன்காரர்.

அந்தக் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. அதை டீச்சர் கவனித்தார். எல்லாரையும் மேலே இருந்து பார்த்தே பழகிய மனுஷர், நாற்காலியில் உட்கார்ந்து எல்லாரையும் நிமிர்ந்து பார்த்துக்கொண்டு போக வேண்டுமே என்று உள்ளுக்குள் செத்துக்கொண்டிருக்கிறார் என்பது அவருக்குத் தெரியும். போகாமலிருக்க ஒரு சாக்கு கிடைத்தால் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார். பிடித்துக்கொண்டும் விட்டார். மறுநாளிலிருந்து, அதான் வழி இல்லையே டீச்சர், என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவர் மனைவியைக் கூப்பிடுவதும் டீச்சர் என்றுதான்.

விஷயம் கேள்விப்பட்டு ஆட்கள் ஓடி வந்தார்கள். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. நாங்கள் நாலு பேர் சேர்ந்து நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய் ஆட்டோவில் வைக்கிறோம், நீங்கள் ஏன் கவலைப்படுகிறீர்கள் என்றார்கள். கிரேன்காரர் அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

“நாலு பேர் தூக்கற நாள் வரும். அதுக்கு ஏன் இப்பவே ஒத்திகை?” என்றார்.

வந்தவர்கள் காப்பி குடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

டீச்சர் கட்டடத்தின் வரைபடத்தை எடுத்து விரித்தார். கட்டம் ஒவ்வொன்றும் எட்டடி. நடை நாலடி. நாலடி என்று அச்சில் இருக்கிறது, இரண்டடிதான் தரையில் இருக்கிறது. மீதி இரண்டடியை யார் விழுங்கினார்கள் என்று கண்டுபிடிக்கக் கணக்கு டீச்சர் வேண்டியதில்லை. நடையை ஒட்டின பதினாறாவது கட்டம் பல் டாக்டருடையது. அவன் எட்டாம் வகுப்பில் அவரிடம் படித்தவன், அப்போதே பக்கத்துப் பையன் நோட்டைப் பார்த்து எழுதுவான். டீச்சர் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு, அவன் காதைத் திருகுகிற ஆசையோடு கீழே இறங்கினார்.

அளந்தால் எட்டடி ஒன்றரை அங்குலம்.

திரும்ப அளந்தார். அதே எட்டடி ஒன்றரை. இரண்டடி திருடியவன் என்று நினைத்து வந்தால் ஒன்றரை அங்குலம் அகப்பட்டது. டீச்சர் சந்தேகத்தோடு பதினைந்தாவது கட்டத்தை அளந்தார். எட்டடி ஒன்றரை. பதினாலாவது, எட்டடி ஒன்றரை. வெயில் ஏற ஏற, காருக்கும் காருக்கும் நடுவில் குனிந்து குனிந்து, பதினாறையும் அளந்து முடித்தார். வாய்ப்பாடு தானாக நாக்கில் வந்தது. பதினாறு ஒன்றரை இருபத்துநாலு. இருபத்துநாலு அங்குலம் இரண்டடி. யாரும் திருடவில்லை. எல்லாரும் திருடியிருந்தார்கள்.

எப்படி என்று கேட்டு வாட்ச்மேனைப் பிடித்துக்கொண்டார். அவர் இதில் மறைக்க என்ன இருக்கிறது என்கிற மாதிரி சொன்னார். தரையில் கோடு போட்டால் கடற்காற்று கொண்டுவந்து கொட்டுகிற மணல் ஒரே மாதத்தில் மூடிவிடும் என்பதால், கட்டத்துக்குக் கட்டம் செங்கல்லை நிறுத்திப் பாதி புதைத்திருந்தார்கள். உப்புக் காற்றில் செங்கல்லும் பொரிந்துபோகும். வருஷா வருஷம் மழைக்கு முன்னால் அவரவர் வலதுபக்க வரிசையைப் பிடுங்கி அவரவரே புதுசு நட்டுக்கொள்வார்கள். நடும்போது ஒரு பொட்டு தள்ளி நடுவார்கள். வலதுபக்கத்துக்காரர் வந்து பார்ப்பார், ஒன்றும் கேட்க மாட்டார். தன் முறை வரும்போது தானும் அந்தப் பொட்டையும், மேலே ஒரு பொட்டையும் சேர்த்துத் தள்ளிக்கொள்வார். ஆறு வருஷத்தில் ஆளுக்கு ஒன்றரை அங்குலம், அதாவது ரெண்டு விரற்கடை ஆயிற்று.

“வரப்பு வெட்டறதும்மா. தோட்டத்துல பழகுன கை சும்மா இருக்குமா?” என்றார் வாட்ச்மேன்.

வாட்ச்மேன் இன்னொன்றும் சொன்னார். நடையை முதலில் யாரும் தொடவில்லையாம். பக்கத்துக்காரர் கட்டத்தைத்தான் தள்ளினார்களாம். செயலாளர் ஆன புதிதில் டீச்சர்தான், யாரோ அங்கே பழைய சாமான் போடுகிறார்கள் என்று, நடைக்கு மேலே மதிலில் பெரிய எழுத்தில் ‘பொது இடம்’ என்று எழுதி வைத்தார். அதைப் படித்த பிறகுதான் எல்லாருக்கும் தைரியம் வந்ததாம். பொது இடம் என்றால் யாருக்கும் சொந்தமில்லாதது, யார் முதலில் கை வைக்கிறார்களோ அவர்களுக்கு. புறம்போக்கு. டீச்சர் அண்ணாந்து மதிலைப் பார்த்தார். அழகான கையெழுத்தில் அழைப்பிதழ் மாதிரி எழுதி வைத்தது தானேதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சங்கக் கூட்டம் போட்டார். தலைவர், முதல் கட்டத்துக்குச் சொந்தக்காரரான டயர் கடைக்காரர். அறுபது வயது, ஏழு டயர் கடை, விரல் நகத்தில் இன்னும் தோட்டத்து மண் இருப்பதுபோலவே நடந்துகொள்வார். அவருக்குப் பக்கத்துக் கட்டம் அவருடைய சித்தப்பா மகன், லாரி வைத்திருப்பவர். இருவருக்கும் ஒன்பது வருஷமாகப் பேச்சு கிடையாது, கூட்டத்தில் ஏதாவது சொல்ல வேண்டுமானால் டீச்சரிடம் சொல்லி அனுப்புவார்கள். இரண்டு நாற்காலி தள்ளித்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

டீச்சர் வரைபடத்தைக் காட்டினார். எல்லாரும் பயபக்தியோடு பார்த்தார்கள். பார்த்துவிட்டு, அளந்தவன் தப்பாக அளந்திருக்கிறான் என்று ஒரே முடிவுக்கு வந்தார்கள். நிலத்தை அளக்க வந்தவன் சரியாக அளந்ததாக அவர்கள் பரம்பரையிலேயே சரித்திரம் கிடையாது. சரி, ஆளுக்கு ரெண்டு விரற்கடைதானே, திருப்பித் தள்ளி நட்டால் என்ன என்று டீச்சர் கேட்டார். பல் டாக்டர் மற்றவர்கள் நகர்த்தினால் தானும் தயார் என்றான். மற்றவர்களும் அதையேதான் சொன்னார்கள், வரிசையாக, ரெண்டாவது கட்டம் வரைக்கும். டயர் கடைக்காரர் மட்டும், தன் செங்கல் தன் அப்பா கை பட்ட செங்கல் என்றார். அவர் அப்பா கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

டீச்சருக்குப் பொறுமை போயிற்று. இருபத்தாறு அங்குல நாற்காலி, நாலு மாதக் கெடு, மேலே சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிற மனுஷர், எல்லாம் சேர்ந்துகொண்டன. வகுப்பில் பேசுகிற குரலில், பதினாறு பேரும் திருடர்கள் என்று சொல்லிவிட்டார். பதினாறு பேரும் எழுந்துவிட்டார்கள். டயர் கடைக்காரருக்கு முகம் சிவந்துபோயிற்று.

“டீச்சரம்மா, வரப்பை வெட்டுனோம், இல்லேங்கல. எங்கப்பா நாலு பக்கமும் வெட்டுனாரு. ஆனா வழியில மம்பட்டி வச்சதில்ல. ஜென்ம விரோதி கிணத்துக்குப் போற வண்டிப்பாதையக்கூட ஒரு பிடி மண்ணு தொட்டதில்ல. எங்களப் பாத்துத் திருடன்னு சொல்லாதீங்க.”

லாரிக்காரர் ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக, அது நிஜம், எங்கள் பெரியப்பா வழியில் கை வைத்ததே இல்லை என்று நேராக அவருக்கே சொன்னார். சொன்ன பிறகுதான் தான் பேசிவிட்டது தெரிந்து வாயை மூடிக்கொண்டார். கூட்டம் அத்தோடு கலைந்தது.

டீச்சர் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். அழுது முடித்து முகம் கழுவும்போது டயர் கடைக்காரர் சொன்னது திரும்பக் காதில் கேட்டது. வெட்டினாராம், ஆனால் வழியைத் தொட்டதில்லையாம். அவர் பொய் சொல்லவில்லை. பொய் சொல்கிறவனுக்கு அவ்வளவு கோபம் வராது. டீச்சர் தண்ணீர் சொட்டச் சொட்ட அப்படியே நின்றார். ஒரு வாரமாகத் தான் கேட்டுக்கொண்டிருந்தது இடம். இந்த ஜனங்களிடம் இடத்தைக் கேட்டால் எமனே வந்தாலும் கொடுக்க மாட்டார்கள். கேள்வியே தப்பு. முப்பத்தொரு வருஷம் பிள்ளைகளிடம், கேள்வியை ஒழுங்காகப் படி, கேள்வியை ஒழுங்காகப் படி என்று கத்திய ஆள், தன் கேள்வியைப் படிக்கவில்லை.

மறுநாள் காலை ஆறேகால் மணி. கணவர் வரமாட்டேன் என்றார். டீச்சர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சட்டையை மாட்டி, நாற்காலியில் ஏற்றி, லிஃப்டில் இறக்கி, நடையின் வாயில் கொண்டுபோய் நிறுத்தினார். டயர் கடைக்காரர் ஆறரைக்குக் கடைக்குக் கிளம்புவார் என்பது கட்டடத்துக்கே தெரிந்த விஷயம். எல்லாரும் பாக்கறாங்க, மேல போலாம், என்று கிரேன்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். டீச்சர் நாற்காலியின் பிரேக்கைப் போட்டார்.

டயர் கடைக்காரர் சாவியைச் சுற்றிக்கொண்டே வந்தார். முந்தின நாள் கோபம் இன்னும் ஆறவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டு தாண்டப் பார்த்தார்.

“அண்ணே, எனக்கு இடம் வேணாம்,” என்றார் டீச்சர். “இது இவரு போற வழி. வழி விடுங்க.”

டயர் கடைக்காரர் நின்றார். நடையைப் பார்த்தார், நாற்காலியின் சக்கரத்தைப் பார்த்தார், மதிலைப் பார்த்தார். ஆறு வருஷமாக அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர், அப்போதுதான் பார்க்கிற மாதிரி பார்த்தார். அவர் கை தானாக நெற்றிக்குப் போயிற்று.

“வழியா இது,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். “யாரும் வழின்னு சொல்லலியேம்மா.”

கார் டிக்கியைத் திறந்தார். உள்ளே மாற்று டயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மண்வெட்டி இருந்தது. ஏழு டயர் கடை வைத்திருப்பவர் காரில் ஒரு மாற்று டயர் கிடையாது, மண்வெட்டி இருக்கிறது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தன் வலதுபக்கச் செங்கல்லைப் பிடுங்க ஆரம்பித்தார். சத்தம் கேட்டு லாரிக்காரர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். அடுத்த ஐந்து நிமிஷத்தில் அந்தக் கட்டடத்திலிருந்து இன்னும் பதினைந்து மண்வெட்டிகள் இறங்கி வந்தன. மருந்துக்குக்கூட ஒரு பூந்தொட்டி இல்லாத வீடுகள். ஒன்று துணி துவைக்கிற மெஷினுக்குப் பின்னாலிருந்து வந்தது, ஒன்று கட்டிலுக்கு அடியிலிருந்து. அழகு நிலையம் நடத்துகிற அம்மா, எண்ணெய் போட்டுப் பழைய புடவையில் சுற்றி வைத்திருந்ததைப் பிரித்துக்கொண்டே வந்தார்.

டயர் கடைக்காரர் ரெண்டு விரற்கடைக்கு மூன்றாக உள்ளே தள்ளி நட்டார். லாரிக்காரர் குனிந்து அதை விரலால் அளந்து பார்த்துவிட்டு, தன் வரிசையில் அந்த மூன்றோடு தன் பங்கு நாலையும் சேர்த்துத் தள்ளினார். அவர் அளந்ததை மூன்றாவது கட்டத்துக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். திருடும்போது யாருக்கும் தெரியாமல் பொட்டுப் பொட்டாகத் திருடியவர்கள், கொடுக்கும்போது ஊரைக் கூட்டிக் கொடுத்தார்கள். அவன் மூணு குடுத்தா நான் என்ன மட்டமா என்று ஆளாளுக்கு ரோஷம். வரிசை கடைசியில் பல் டாக்டரிடம் வந்தபோது அவன் தயங்கினான். இரண்டாவது மாடியிலிருந்து அவன் அம்மா, குடும்ப மானத்தை வாங்காதே, இன்னும் தள்ளு என்று குரல் கொடுத்தார்.

அவன் செங்கல்லைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே நடுவது என்று விழித்தான். அப்போது கிரேன்காரரின் இடது கை மேலே எழுந்தது. உள்ளங்கையை மடக்கி மடக்கிக் காட்டியது. துறைமுகத்தில் கீழே நிற்கிறவன் மேலே இருக்கிற கிரேன்காரருக்குக் காட்டுகிற சைகை அது. முப்பத்து மூன்று வருஷம் அதைப் பார்த்துக் கீழ்ப்படிந்தவர், முதல் தடவையாகக் காட்டினார். தள்ளு, தள்ளு, இன்னும் தள்ளு, நிறுத்து. பல் டாக்டர் சைகை சொன்ன இடத்தில் நட்டான்.

டீச்சர் நாடாவை வைத்து அளந்தார். ஐந்தரை அடி. வரைபடத்தில் இருந்ததைவிட ஒன்றரை அடி அதிகம். ஒரு மாட்டு வண்டியே போகும்.

வாசலில் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். டீச்சர் பிரேக்கை எடுத்துவிட்டுத் தள்ளினார். இரண்டு பக்கமும் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு பதினாறு பேர் நின்றார்கள். கிரேன்காரர் தலையைக் குனிந்துகொண்டார். கொஞ்ச தூரம் போனதும் மெல்ல நிமிர்ந்து பார்த்தார். ஒருவர்கூட அவர் முகத்தைப் பார்க்கவில்லை. விழுந்த கையையும் பார்க்கவில்லை. பதினாறு பேரும் சக்கரத்துக்கும் செங்கல்லுக்கும் நடுவில் எத்தனை விரற்கடை மிச்சம் என்று கண்ணாலேயே அளந்துகொண்டிருந்தார்கள். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாய் ஒரு பக்கமாகத்தான் சிரித்தது, ஆனால் இரண்டு மாதத்தில் அதுதான் முதல் சிரிப்பு. பின்னால் தள்ளிக்கொண்டிருந்த டீச்சருக்கு அது தெரியவில்லை, தோள் குலுங்குவதைப் பார்த்து அழுகிறாரோ என்று பயந்து வேகமாகத் தள்ளினார்.

கேட்டுக்கு வெளியே ஆட்டோவில் ஏற்றி உட்கார வைத்து, கைக்குட்டையால் அவர் நெற்றியைத் துடைத்துவிட்டார்.

“நாளைக்கும் ஆறரைக்கே... கிளம்பணும், டீச்சர்,” என்றார் அவர்.

“நாளைக்குப் பயிற்சி இல்லையேங்க. இனிமே நாளன்னிக்குத்தான்.”

“பயிற்சி யாருக்கு வேணும்?” கிரேன்காரர் திரும்பி, கேட்டுக்கு உள்ளே இன்னும் குனிந்து அளந்துகொண்டிருந்த பதினாறு பேரையும் பார்த்தார். ஒவ்வொரு சொல்லாக, நிதானமாக இறக்கி வைத்தார். “தினம் ரெண்டு வேளை... நான் இதுல போயிட்டு வரணும். ஒரு நாள் நடமாட்டம் இல்லேன்னு தெரிஞ்சுதுன்னா... வெட்டிருவானுங்க.”